ஒரே ஆள், இரண்டு வாசல்

(கேரளத்து வித்துராவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழிலேயே பேசுங்கள் என்று சொன்னீர்கள். நன்றி. நான் நாகர்கோவில்காரன். 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊரும் உங்கள் ஊரும் ஒரே மாநிலம். எல்லை மாறிய பிறகும் திருவனந்தபுரத்துச் சொல் ஒன்று எங்கள் தெருவில் புழங்கிக்கொண்டே இருந்தது. சென்னைக்காரர், ஒருவரைப் பைத்தியம் என்று ஏச வேண்டுமானால் 'கீழ்ப்பாக்கம்' என்பார். எங்கள் பக்கம் 'ஊளம்பாறை' என்போம். நோய் தீர்க்கக் கட்டிய ஒரு மருத்துவமனை நிற்கும் இடத்தின் பெயர் வசவாகிப் போனது. அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது என் தாய்மாமனைப் பற்றித்தான்.

மாமா ரப்பர் பால்வெட்டுக்காரர். விடிவதற்கு முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போவார். இருபத்து மூன்று வயதில் அந்த இருட்டுக்குள் அவருக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. இரண்டு ஆண்கள் அவர் செய்வதையெல்லாம் பார்த்துப் பார்த்துத் தமக்குள் பேசிக்கொள்வார்களாம். கொஞ்ச நாளில் மாமா குடிக்க ஆரம்பித்தார். அம்மா அழுதுகொண்டே காரணம் கேட்டபோது, "குடிச்சா அவனுவ சத்தம் கொறயும் அக்கா" என்றார். வீட்டில் யாரும் அதை நம்பவில்லை. குடிகாரன் சொல்கிற சாக்கு என்று விட்டுவிட்டோம். சிறுவனாக இருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா அவரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள், அப்புறம் மனநோய்க்கு மருந்து தருகிறோம் என்றார்கள். குடியை நிறுத்தும் இடம் ஒன்றைத் தேடிப் போனோம். இவருக்கு மனநோய் இருக்கிறது, இங்கே வைத்துப் பார்க்க வசதியில்லை என்றார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா என்னிடம் கேட்டது இன்றும் காதில் கிடக்கிறது: "எனக்க தம்பி ஒருத்தன்தானே மக்களே? ரெண்டு பேராட்டா வந்து நின்னான்?"

முப்பது ஆண்டுகளாக மனநல மருத்துவனாக இருக்கிறேன். அம்மாவின் அந்தக் கேள்விக்கு மேல் ஒரு நல்ல கேள்வியை எந்த மருத்துவ மாநாட்டிலும் நான் கேட்டதில்லை. இன்றைய பேச்சும் அதைப் பற்றித்தான்.

மனநோயும் போதைப் பழக்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அபூர்வம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் 1980களில் ஐந்து வட்டாரங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். முடிவு 1990இல் வெளிவந்தது. மனச்சிதைவு உள்ளவர்களில் நூற்றுக்கு 47 பேருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் மது அல்லது போதைப்பொருளால் வந்த கோளாறும் இருந்தது. இருமுனைக் கோளாறு உள்ளவர்களில் அது 56. புகையிலையை அவர்கள் இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அந்த எண்ணை அப்படியே பெயர்த்து இங்கே வைக்க முடியாது. நம் பெண்கள் பெரும்பாலும் குடிப்பதில்லை, குடிப்பவர்கள் வெளியே சொல்வதும் இல்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வமல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. என் புறநோயாளிப் பிரிவில் தினமும் பார்க்கிறேன்.

நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. கேரளமும் தமிழ்நாடும் அதில் இருந்தன. கடுமையான மனநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. குடிநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 86 பேருக்குக் கிடைக்கவில்லை. இரண்டும் சேர்ந்த ஒருவர் எந்த வரிசையில் நிற்பார் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு வரிசையிலும் கடைசியில் நிற்பார்.

எது முதலில் வந்தது? எந்தக் குடும்பமும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கஞ்சா அடித்துத்தான் பையனுக்குப் புத்தி பேதலித்தது என்பார் அப்பா. இல்லை, மனசு சரியில்லாமல்தான் அவன் அதைத் தொட்டான் என்பார் அம்மா. இரண்டும் உண்மையாக இருக்க முடியும். சுவீடனில் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1987இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பதினெட்டு வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா எடுத்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சிதைவு வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஆறு மடங்கு இருந்தது. அதேவேளை, எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த நோய் வரவும் இல்லை. பரம்பரையில் விதை கிடக்கும் வீட்டில் கஞ்சா அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறது. அதனால் குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: உன் கூட்டாளிக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம், உனக்கு ஆகும் ஆபத்து அதிகம் என்று.

மது வேறு மாதிரி. தினமும் குடிப்பவருக்கு வரும் சோர்வும் தற்கொலை எண்ணமும் குடியை விட்ட மூன்று நான்கு வாரத்தில் பலருக்குத் தானாகவே தணிகிறது. தணியாதவருக்கு உள்ளே தனியாக மனச்சோர்வு நோய் இருக்கிறது. அதைப் பிரித்தறிய மருத்துவருக்கு நாட்கள் வேண்டும், நோயாளி அருகில் இருக்க வேண்டும். 'நிறுத்திவிட்டு வா' என்று வாசலிலிருந்து திருப்பி அனுப்பினால் அந்த நாட்களை யார் பார்ப்பது?

திடீரென்று நிறுத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. நெடுநாள் நிறையக் குடித்தவர் சட்டென்று விட்டால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கும், இரவில் தூக்கம் போகும், சுவரில் பூச்சி ஊர்வதாகத் தெரியும், வீட்டு ஆட்களையே அடையாளம் தெரியாது. இது உயிரைக் குடிக்கும் நிலை. மருத்துவமனையில் உரிய மருந்தும் தயமின் ஊசியும் கொடுத்தால் சில நாளில் தெளிந்துவிடும். ஆனால் நம் வீடுகளில் இதைப் பேய் என்றும் பைத்தியம் என்றும் நினைத்துக் கட்டிப்போடுகிறோம். ஏர்வாடி தர்காவுக்கும் பீமாப்பள்ளிக்கும் சோட்டானிக்கரைக் கோயிலுக்கும் இரு மாநிலத்தவரும் போகிறோம். நம்பிக்கையோடு போவதை நான் தடுக்கமாட்டேன். போகும் வழியில் ஓர் அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்கிறேன். சங்கிலியை மட்டும் ஒருபோதும் ஏற்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள்.

இனி பீடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். யாரும் இதைப் போதையாகவே கணக்கில் எடுப்பதில்லை. மனநல மருத்துவமனைகளில் ஒரு காலத்தில் நன்னடத்தைக்குப் பரிசாகவே பீடி கொடுத்தார்கள். மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறப்பதற்கு இதயநோயும் நுரையீரல் நோயும் முக்கியக் காரணங்கள். பீடிக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

அது ஒருபுறம் இருக்கட்டும். பீடிக்கும் மாத்திரைக்கும் உடம்புக்குள்ளேயே ஒரு கணக்கு நடக்கிறது. புகையில் உள்ள கரிப்பொருள்கள் ஈரலில் இருக்கும் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன. நிக்கோட்டின் இதைச் செய்வதில்லை, புகைதான் செய்கிறது. மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின், ஓலான்சபின் என்ற இரண்டு மாத்திரைகளையும் பெருமளவு சிதைத்து வெளியேற்றுவது அந்த நொதிதான். ஆகவே தினம் இரண்டு கட்டு பீடி பிடிப்பவருக்கு, அதே அளவு மாத்திரை சாப்பிட்டாலும் ரத்தத்தில் மருந்து குறைவாகவே நிற்கும்.

பலருடைய கதையைச் சேர்த்து ஓர் ஆளாகச் சொல்கிறேன். அவருக்குக் குளோசபின் கொடுக்கிறோம். வார்டில் பீடிக்கு அனுமதி இல்லை. சில நாளில் நொதி அடங்குகிறது, மருந்து ரத்தத்தில் ஏறுகிறது. ஆள் எச்சில் ஒழுகத் தூங்கிக் கிடக்கிறார், மருந்தைக் குறைக்கிறோம். தெளிந்து வீட்டுக்குப் போகிறார். பஸ் ஸ்டாண்டிலேயே பீடி வாங்குகிறார். இரண்டே வாரத்தில் குரல்கள் திரும்பி வருகின்றன. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று வீட்டில் எல்லோரும் அவரைத் திட்டுகிறார்கள். அவர் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை! ஈரலுக்குள் நடந்ததை யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை, அவருக்குச் சொல்லவும் இல்லை. மறுபுறம், வீட்டில் ஒருவர் பீடியை ஒரேயடியாக விட்டுவிட்டால், மருந்து கூடி அவருக்கு வலிப்பே வரலாம். விடுவதும் தொடங்குவதும் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மனநோய்க்கு ஒரு வாசல், போதைக்கு ஒரு வாசல் என்று நாம் பிரித்ததை உடம்பு ஏற்றுக்கொள்ளவே இல்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். குடிகாரருக்குத் தெரியாமல் காபியிலும் குழம்பிலும் மாத்திரை கலந்து கொடுப்பது நம் இரு பக்கமும் நடக்கிறது. பெரும்பாலும் அது குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிரம். அதைச் சாப்பிட்டவர் அறியாமல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து, சிலர் செத்தும் போவார்கள். மனச்சிதைவு உள்ளவருக்கு அந்த மாத்திரையே நோயைக் கிளறிவிடக்கூடும். சாப்பாட்டில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே அஞ்சிக் கிடப்பவர் அவர். நாம் கலந்து கொடுத்து அந்த அச்சத்தை உண்மையாக்கிவிடுகிறோம். செய்யாதீர்கள்.

இந்த இரண்டு வாசல்களைக் கட்டியது யார்? கெட்ட எண்ணம் கொண்டவர்கள் யாரும் இல்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் குடிநோய்க்குத் தம் கணவரைப் பறிகொடுத்துவிட்டு, 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அதே சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை நெடுங்காலம் நடத்திய டாக்டர் சாரதா மேனன், 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். இரண்டும் பெருந்தொண்டு. நாட்டில் யாருமே கவனிக்காத இரண்டு துயரங்களுக்கு ஆளுக்கொரு வீடு கட்டினார்கள். முன்னோடிகள் அப்படித்தான் செய்ய முடியும்.

பிழை அதற்குப் பின்னால் வந்த அரசு ஏற்பாட்டில் இருக்கிறது. டெல்லியில் மனநலம் சுகாதார அமைச்சகத்திடம். போதை மீட்பு மையங்களுக்குப் பணம் தருவது பெரும்பாலும் சமூக நீதி அமைச்சகம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமோ நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறையிடம். கேரளத்தில் மாவட்ட மனநலத் திட்டம் சுகாதாரத் துறையுடையது. 'விமுக்தி' என்ற போதை எதிர்ப்புத் திட்டம் ஆயத்தீர்வைத் துறையுடையது. தமிழ்நாட்டில் டாஸ்மாக்கும் மதுவிலக்கும் ஒரே துறையின் கீழ். நோயாளியோ துறை பார்த்து நோய்ப்படுவதில்லை.

சட்டம் இதை ஏற்கெனவே சரிசெய்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்குத் தரும் விளக்கத்திலேயே மது, போதைப்பொருள் ஆகியவற்றோடு தொடர்புள்ள மனநிலைகளும் அடங்கும். அரசு நடத்தும் மனநலச் சேவை ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது அதே சட்டம். ஆகவே 'குடிக்கிறவர், இங்கே பார்க்கமாட்டோம்' என்று ஒரு மனநலப் பிரிவு இனிச் சொல்வது சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது. எங்கள் அம்மாவின் காலத்தில் அந்தச் சட்டம் இல்லை. உங்கள் கையில் இருக்கிறது.

கடையை மூடினால் போதாதா என்று சிலர் கேட்பீர்கள். 1996 ஏப்ரலில் கேரளம் சாராயத்தைத் தடை செய்தது. 2000 அக்டோபரில் கொல்லம் மாவட்டத்துக் கல்லுவாதுக்கலில் விஷச் சாராயம் குடித்து 31 பேர் இறந்தார்கள். மது குறைய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் குரல்களை அடக்கக் குடிப்பவர், கடை மூடினால் வேறொன்றைத் தேடுவார். குரல்களுக்கு மருந்து கொடுக்காமல் அவருடைய கோப்பையை மட்டும் பிடுங்க முடியாது. இன்று எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருளைப் பற்றிக் கேரளமே அஞ்சுகிறது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் வேட்டை வேட்டை என்று முழங்கும்போது, உதவி கேட்டு வரவேண்டிய பிள்ளையும் சேர்ந்து பதுங்கிவிடுகிறான். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வைத்திருந்து பிடிபட்ட அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. மேடைதோறும் அதைச் சொல்ல வேண்டும்.

இந்த ஊரைப் பற்றிச் சொல்லாமல் நான் இறங்கக் கூடாது. வித்துரா கடந்து பொன்முடிக்குப் போகும் வண்டிகளை எண்ணி முடியாது. போனக்காட்டில் பேய் பங்களா பார்க்க இளைஞர்கள் வருகிறார்கள். அகத்தியர்கூடம் ஏறுகிறவர்கள் அங்கிருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்கள். அந்தப் பங்களாவுக்குக் கீழே, தோட்டம் நொடித்து, கூலி நின்று, ஒழுகும் வரிசை வீடுகளான லயங்களில் மூன்று தலைமுறைத் தமிழர்கள் இருப்பதைப் பார்க்க யாரும் வருவதில்லை. வேலை போன இடத்தில் மனச்சோர்வும் குடியும் கைகோத்து வரும். கூலியும் கூரையும் இல்லாமல் மாத்திரை மட்டும் கொடுப்பது பாதி வைத்தியம்.

காணிக்காரர்களின் ஊர்களும் இங்கே நெடுக இருக்கின்றன. அவர்களுடைய உறவுகள் எங்கள் பேச்சிப்பாறையிலும் திருநெல்வேலிக் காரையாறிலும் உண்டு. காணிகளிடம் சாற்றுப்பாட்டு என்ற ஒரு சடங்கு இருக்கிறது. நோய்ப்பட்டவருக்காக அவர்களுடைய பூசாரியான பிலாத்தி, கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசி ஒலியெழுப்பி இரவு முழுதும் பாடுவார். அது மனச்சிதைவைத் தீர்க்காது. ஆனால் நோயாளியைச் சுற்றி ஊரே விழித்து உட்கார்ந்திருக்கிறது. குடித்தவனா, பேய் பிடித்தவனா என்று கேட்டு யாரையும் எழுப்பி அனுப்புவதில்லை. நம் மருத்துவம் அவர்களிடமிருந்து அந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம்.

கற்றுக்கொண்ட இடங்களும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரே குழுவே இரு நோயையும் பார்க்கும் முறையை உருவாக்கினார்கள். குடியை விடாதவரையும் அவர்கள் கைவிடவில்லை. வீட்டுக்குப் போனார்கள், வேலை தேடிக் கொடுத்தார்கள், ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் 1989 முதல் சாந்தி ரங்கநாதனின் அறக்கட்டளையினர் ஊருக்குள்ளேயே குடிநோய் முகாம் நடத்தினார்கள். இடமும் சாப்பாடும் ஊரார் பொறுப்பு, சிகிச்சை அவர்கள் பொறுப்பு. கோழிக்கோட்டில் டாக்டர் மனோஜ் குமார் 2008இல் தொடங்கிய மனநல அமைப்பு, உள்ளூர்த் தொண்டர்களை வைத்தே ஏழை நோயாளிகளை வீட்டில் போய்ப் பார்க்கிறது. படுக்கையில் கிடக்கும் புற்றுநோயாளியை அண்டை அயலார் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தை இந்தியாவுக்குக் கற்றுக்கொடுத்த மாநிலம் உங்களுடையது. அதே ஆட்கள், அதே ஆஷா ஊழியர்கள், குடிக்கும் மனநோயாளியின் வீட்டுக்கும் போகலாம். வித்துரா மருத்துவமனைக்கு மாவட்ட மனநலக் குழு வரும் அன்றே குடிநோய்க்கும் அதே அறையில் அதே சீட்டில் பார்க்கட்டும். புதுக் கட்டடம் வேண்டாம். ஒரு மேசையும், இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்கும் ஒருவரும் போதும்.

குணமாகும்போது மறுபடியும் குடித்துவிட்டால் அதைத் துரோகமாக எடுக்காதீர்கள். சர்க்கரை நோயாளி ஒருநாள் பாயசம் குடித்தால் யாரும் வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை. மாத்திரையும் ஒரு போதைதான், அதையும் விடு என்று நல்லெண்ணத்தோடு சொல்லும் நண்பர்கள் உண்டு. அதைக் கேட்டு மருந்தை நிறுத்திச் சீரழிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாமா நாற்பத்தொன்றாம் வயதில் இறந்தார். சான்றிதழில் ஈரல் நோய் என்று இருந்தது. குரல்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

கடைசியாக ஒன்று. போதை மீட்புக்கு மத்திய அரசின் இலவச எண் 14446. மனநலத்துக்கான டெலி மானஸ் எண் 14416. எண்ணிலும் நம்மைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள், நடுவில் ஓர் இலக்கம் வேறுபடுகிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ குரல் கேட்கும் ஒருவர் குடித்துக்கொண்டிருந்தால், இன்றிரவே 14416க்குப் பேசுங்கள். தமிழில் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். பேசும்போது எதையும் மறைக்காதீர்கள். குரல் கேட்பதையும் சொல்லுங்கள், குடிப்பதையும் சொல்லுங்கள், பீடி எத்தனை கட்டு என்பதையும் சொல்லுங்கள்.